பதினாறு வாரமும் ஐந்து வாரமும்

குரல்கள் தொடங்கும் வயது

யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது. கூடப் படிப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம் விடாமல் துரத்துகிறது. சைக்கோசிஸ் என்ற மனநோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. பலருக்கு அதற்கு முன்பே தூக்கம் கெடும், நண்பர்கள் வேண்டாமென்றாகும், படிப்பில் மனம் நிற்காது. வயசுக்கோளாறு என்றோ பரீட்சை பயம் என்றோ வீட்டில் நினைப்பது இயல்புதான். ஆனால் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது.

மெல்போர்னில் தொடங்கியது

இந்தத் தாமதத்தைக் குறைக்க, மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரியும் சகாக்களும் 1992-இல் மெல்போர்னில் இளைஞர்களுக்கென்றே ஒரு சிகிச்சை மையம் அமைத்தார்கள். 1996-இல் அங்கே இதே நோக்கத்தோடு ஒரு மாநாடு கூடியது. அந்த முயற்சியிலிருந்து உருவானதுதான் ஐஈபிஏ என்ற பன்னாட்டு வல்லுநர் அமைப்பு. ஒரு நாட்டில் பலித்த வழியை இன்னொரு நாட்டு மருத்துவர்களிடம் சேர்ப்பது அதன் முக்கியமான வேலை.

நார்வே தந்த பாடம்

அப்படிப் பரவிய அனுபவங்களில் நார்வேயின் ரோகலாண்ட் மாவட்டத்துடையதை நான் முதலில் சொல்வேன். 1997 முதல் அங்கே செய்தித்தாள், வானொலி, பள்ளிகள் வழியாக நோயின் அறிகுறிகளை ஊரறியச் சொன்னார்கள். யாருடைய பரிந்துரையும் இல்லாமல் குடும்பத்தாரே நேராக அழைக்க ஒரு குழுவும் இருந்தது. பிரசாரம் இல்லாத பகுதிகளில் சிகிச்சை தொடங்க இடைநிலையாக 16 வாரம் ஆனது; ரோகலாண்டில் 5 வாரம். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது ரோகலாண்டில் முழுமையாக மீண்டவர்கள் சுமார் 31 சதவீதம். மற்ற பகுதிகளில் 15 சதவீதம்.

பிரசாரத்தை நிறுத்தியதும் தாமதம் மறுபடி 15 வாரமாக ஏறிவிட்டது. அழைப்பை ஏற்கும் குழு அப்போதும் இருந்தது, ஆனால் மக்களிடம் சொல்வது நின்றுபோயிருந்தது. விழிப்புணர்வுக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்று வெட்டுபவர்கள் இந்த எண்ணை அவசியம் பார்க்க வேண்டும்.

சென்னையில்

மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல மையம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதல்முறையாக சைக்கோசிஸ் கண்டவர்களை ஆராய்ந்தது. மான்ட்ரியலைவிடச் சென்னையில் குடும்பத்தார் சிகிச்சையில் கூடுதலாகத் துணை நின்றது தெரியவந்தது. இது பெரிய பலம். அந்தப் பலம் கோயில், மாந்திரீகம் என்று மாதக்கணக்கில் அலைவதிலேயே செலவாகிவிடக் கூடாது. வேண்டுதலும் நடக்கட்டும், அதே வாரத்தில் மனநல மருத்துவரையும் பாருங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.