குட்டி யானைக்கு வைத்தியம்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். அது காட்டு யானையைப் பற்றியது. இக்காலத்தில் நம் தெருக்களில் திரியும் குட்டி யானையைப் பற்றி ஒரு பழமொழி செய்வதானால் வேறு விதமாகத்தான் செய்ய வேண்டும்: ஓடினால் சோறு போடும், நின்றால் சோற்றைப் பறிக்கும்!

குட்டி யானை என்பது என்னவென்று நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன்பே ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு புறப்படுவது அது. தண்ணீர்க் கேன்களைக் கொண்டுவருவது அது. கலியாண வீட்டுக்குப் பந்தல் சாமான்களையும், வீடு மாற்றுகிறவர்களுக்குக் கட்டில் பீரோக்களையும் சுமப்பது அது. முன்னால் இருவர் உட்கார இடமும், பின்னால் திறந்த தட்டும் உடைய சிறு சரக்கு மோட்டார்.

இந்த ஜாதி வண்டிக்கு வயது நூறாகிவிட்டது. 1925-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் 'மாடல் டி' காரின் பின்புறத்தில் சரக்குத் தட்டு ஒன்றைப் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் டாடா நிறுவனத்தார் 2005-ம் வருஷத்தில் 'ஏஸ்' என்ற வண்டியை வெளியிட்டார்கள். இரண்டே சிலிண்டர், பதினாறு குதிரைச் சக்தி. வடக்கே அதை 'சோட்டா ஹாத்தி' என்றார்கள். நம்மவர்கள் 'குட்டி யானை' என்றார்கள். 2011-ம் வருஷத்தில் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. ஆக, முதல் பத்து வருஷங்களில் பிறந்த குட்டி யானைகள் எல்லாம் இன்று கிழ யானைகள். அவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு சோதனைக் காலம் வந்திருக்கிறது.

அந்தச் சோதனை மூன்றே வார்த்தைகளில் வரும். மெக்கானிக் எழுந்து, பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சினை இறக்கியாக வேண்டும்" என்பார். அதைக் கேட்டதும் வண்டிக்காரருடைய மனம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? வீட்டிலே மனைவியின் கையில் கிடக்கும் வளையலுக்குப் போகும். வளையல் அடகுக் கடைக்குப் போகும். ஒரு மாதம் வண்டி ஓடும். அப்புறம் கியர் பெட்டி முனகும். அடுத்த வளையலும் முந்தியதைத் தேடிக்கொண்டு போகும். ஆகையால் இந்த விஷயம் பட்டறையில் மட்டும் பேச வேண்டியதன்று. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குடும்பத்தார் யாவரும் பேச வேண்டியது.

ஊசியும் பூசணிக்காயும்

ஊசி போவதைக் கணக்குப் பார்ப்பவனுக்குப் பூசணிக்காய் போவது தெரிவதில்லை என்பார்கள். பெரிய ரிப்பேர்களின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டீஸல் இஞ்சினுக்குள் எண்ணெய் எரிந்து பிறக்கும் உஷ்ணத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை இஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குச் சென்று காற்றில் விட்டுவிடுகிறது. ரேடியேட்டர் மூடியும் சாமானிய மூடியன்று. நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தத்தைக் காத்து, நீர் நூறு டிகிரியிலும் கொதிக்காதபடி செய்கிறது. (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தவர்கள் முகம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், எச்சரிக்கை!)

இப்போது ரப்பர்க் குழாய் ஒன்றில் மயிரிழை போல் வெடிப்பு உண்டாகிறது. நீர் சொட்டுகிறது. குழாய் விலை சில நூறு ரூபாய். வண்டிக்காரர் அதை மாற்றாமல், தினம் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓட்டுகிறார். கூலண்ட் என்ற திரவம் நாளுக்கு நாள் நீர்த்துப்போய், உள்ளே துரு படிகிறது. ரேடியேட்டரின் நுண்ணிய குழல்கள் அடைபடுகின்றன. சித்திரை மாத வெயிலில், பாரத்தோடு மேடு ஏறும்போது உஷ்ண முள் சிவப்பைத் தொடுகிறது. "இதோ, இன்னும் இரண்டு மைல்தானே!" என்று ஓட்டுகிறார்.

அந்த இரண்டு மைலில்தான் அனர்த்தம் விளைகிறது. பல இஞ்சின்களில் கீழ்ப்பாகம் வார்ப்பிரும்பு. மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். வரம்பு மீறிச் சுட்டால் ஹெட் கோணிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் பொசுங்குகிறது. நீர் எண்ணெயோடு கலக்கிறது. நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது. அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் சமன்படுத்த வேண்டும்; நிலைமை முற்றியிருந்தால் கிராங்க் வரைக்கும் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க் குழாய் அரை லட்ச ரூபாயாக வளர்ந்த விதம் இதுவே.

நோய் அறிதல்

இஞ்சினை இறக்கச் சம்மதிக்கு முன் வண்டிக்காரர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்; சந்தோஷத்தோடு காட்டுவார்.

வண்டி தன் நோயைத் தானே சொல்லும். புகை நீலமாக வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு ஸீலோ தேய்ந்திருக்கலாம். கருமையாக வந்தால் டீஸல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால்கூட இப்படி வரும். சூடு ஏறிய பிறகும் வெண்புகை நிற்காமலிருந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எண்ணெய் மூடியின் அடியில் பால் விட்ட காப்பியின் நிறம் தென்பட்டால் சந்தேகம் பலப்படுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கக் கருவி இருக்கிறது. ஜுரமானி வைக்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா? அளந்து பார்க்காமல் இஞ்சினை இறக்குவதும் அப்படியே.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை மோட்டார்ப் பட்டறையின் வாசலிலே எழுதி வைக்கலாம். கிளட்ச் பிளேட்டை மாற்றக் கியர் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். கூலியில் பெரும் பங்கு அந்தக் கழற்றிப் பூட்டுவதற்கே போகிறது. ஆகவே, அந்தச் சமயத்தில் பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். பேரிங்கில் சில நூறு மிச்சம் பிடித்தால் மூன்று மாதத்தில் மறுபடியும் முழுக் கூலி கொடுக்க நேரும்.

வேலை தொடங்குமுன் சாமான் விலை வேறாகவும் கூலி வேறாகவும் எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய சாமானைக் கேட்டுப் பெறுவதும், இடையில் புதுச் செலவு முளைத்தால் தகவல் சொன்ன பிறகே செய்ய வேண்டும் என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதும் அவநம்பிக்கை ஆகா. நெடுநாள் சிநேகத்தைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் அவை.

வளையலை அடகு வைக்குமுன்

"வண்டி விற்றால் ஒரு லட்சம் போகாது, ரிப்பேருக்கு அறுபதாயிரமா?" என்று சிலர் மலைக்கிறார்கள். வேறு சிலர், "போன மாதம்தானே நாற்பதாயிரம் போட்டோம்! அதை வீணாக்கலாமா?" என்று மேலும் கொட்டுகிறார்கள். இருவர் கணக்கும் தவறு. விற்கிற விலை விற்கிறவனுக்கு; ஓட்டுகிறவனுக்கு வேண்டியது வண்டி இனிமேல் எத்தனை மாதம் உழைக்கும் என்பதே. போன மாதப் பணமோ போய்விட்டது. அது ஆலோசனைச் சபையில் வாக்களிக்கக் கூடாது.

சரியான கணக்கு எப்படி? உதாரணத்துக்கு, ரூ. 60,000 செலவிட்டால் வண்டி இரண்டு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ரூ. 2,500 ஆகிறது. கிழ வண்டிக்கு மாதந்தோறும் வரும் சில்லறை ரிப்பேர் ரூ. 3,000 என்று சேர்த்தால் ரூ. 5,500. இதற்கு மாறாக, ஆறு லட்சம் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், நூற்றுக்குப் பதினொன்று வட்டியில், ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ. 13,000. மொத்தம் கட்டுவது ஏழு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். முதலில் கையிலிருந்து கொடுக்கும் தொகை வேறு.

பார்த்தவுடன் பழைய வண்டிதான் லாபம் என்று தோன்றும். ஆனால் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். பலர் எழுதாமல் விடும் வரி அதுதான். வண்டி நின்ற நாட்கள்! செலவு போக ஒரு நாள் வருமானம் ரூ. 1,500 என்றால், மாதம் ஐந்து நாள் நின்றால் ரூ. 7,500 நஷ்டம். ஐயாயிரத்து ஐந்நூறோடு இதைக் கூட்டுங்கள்: பதின்மூன்றாயிரம். தராசு சமமாகிவிட்டது! மாதம் ஒரு நாள் நிற்கும் வண்டிக்கு வைத்தியம் செய்வது புத்திசாலித்தனம்; ஏழு நாள் நிற்கும் வண்டி, ரிப்பேர் செலவு குறைவாயிருந்தாலும், குடும்பத்தை மெல்ல மெல்ல விழுங்குகிறது. வாடிக்கைக்காரர் வேறு வண்டியை அமர்த்திக்கொள்வது தனி நஷ்டம். புது வண்டிக்கும் பராமரிப்பு உண்டு. ஐந்து வருஷம் கழித்து அதற்கு ஒரு விலையும் உண்டு. அவற்றையும் அவரவர் தொகைப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனும் பெண்ணும் போடக்கூடிய கணக்கு இது. வீட்டில் அவர்களையே போடச் சொல்லலாம்!

வைத்தியம் பலிக்காத இடம்

கணக்கே பார்க்கக் கூடாத இடமும் உண்டு. இஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக்கோ ஸ்டியரிங்கோ கெட்டால் வண்டி நிற்காது. இந்த இரண்டில் நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் விலையாகப் போவது உயிர். முதுகெலும்பான சேஸிஸ் சட்டம் துருப்பிடித்து உளுத்திருந்தாலும், மேலே பெயிண்ட் பூசி மறைப்பதில் பயனில்லை. அதன்மேல் புது இஞ்சின் வைப்பது உளுத்த உத்திரத்தின்மேல் மாடி கட்டுவது போலாகும்.

சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அப்புறம் வருஷந்தோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது சட்டம். இதைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நாளும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத ஊனத்தை அந்நியர் கண் பார்த்துச் சொல்லுகிற சந்தர்ப்பம் என்று அதைக் கொள்ளலாம். மத்திய சர்க்கார் 2021-ம் வருஷத்தில் வெளியிட்ட பழைய வாகனக் கழிப்புத் திட்டத்தின்படி, பதிவு பெற்ற நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது சில சலுகைகளுக்கு அது உதவும். யானை இறந்தாலும் பொன் என்பது அவ்வளவுக்கு இன்னும் உண்மைதான்.

கைத்திறன் என்னும் சொத்து

இத்தனையும் சொன்ன பிறகு, பழைய வண்டியை உயிரோடு வைத்திருக்கும் கைகளைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கியதும் அதை அக்கக்காகக் கழற்றிப் பூட்டினார். 1920-ம் வருஷத்தில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர் அவரே. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார்களை ஓட்டுவதற்கு வாயு யந்திரம் செய்து கொடுத்தார். அந்நிய நாட்டுச் சாமான் வராவிட்டால் நம் சக்கரம் சுழலாது என்றிருந்த காலத்தில், சுழலும் என்று காட்டியவர்கள் இவர்கள்.

அந்தப் பரம்பரை இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிறது. ஆனால் 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ்.-6 புகை விதிகளுக்குப் பிறகு பிறந்த வண்டிகளில் ஸ்பானருக்குச் சமமாகக் கம்ப்யூட்டரும் நுழைந்திருக்கிறது. காற்றுச் சுத்தத்துக்கு அந்த விதிகள் அவசியம்; ஆனால் ஓசை கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குக்கு அந்த வண்டியின் பாஷை புதிது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீஸல் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அதில் சேரும் பிள்ளையை, வேறு படிப்புக் கிடைக்காதவன் என்று எண்ணும் மனப்பான்மை நம்மை விட்டுப் போக வேண்டும். ஒரு குடும்பத்தின் வளையலைக் காப்பாற்றக்கூடிய கல்வி எந்தக் கல்விக்கும் தாழ்ந்ததன்று.

வண்டி வைத்திருக்கும் வீடுகளில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றியது, எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தச் சாமான் போட்டது, கூலி எவ்வளவு, வண்டி எத்தனை நாள் நின்றது என்று நாலே பத்தி. அதை வீட்டு அம்மாளே எழுதி வரட்டும். "இஞ்சினை இறக்கியாக வேண்டும்" என்ற வார்த்தை வந்து சேரும் தினத்தில், அடகுக் கடைக்குக் கிளம்புமுன் அந்த நோட்டைப் புரட்டினால் போதும். இறக்கலாமா, விற்கலாமா என்று அதுவே சொல்லிவிடும்.