கணக்குத் தாள் ஏன் நொண்டுகிறது?

மாத முதல் வாரம். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்துக் கோட்டைப் பகுதி ஆபீசுக்கு வரும் நம்மவர், எக்செல் தாளில் ஓர் எண்ணைத் திருத்துகிறார். கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடியவில்லை. மறுநாள் காலை போர்டு மீட்டிங்!

மெஷினைப் பழித்துப் பயனில்லை. பெரும்பாலும் குற்றவாளி பார்முலாதான். ஆஃப்செட், இன்டைரக்ட், டுடே ஆகியவை, எங்கோ ஒரு கட்டத்தைத் தொட்டாலும் புதிதாகக் கணக்கிடும். தம்மை நம்பியிருப்பவற்றையும் இழுத்துவிடும். அடுத்தது விலுக்கப். 50,000 வரிப் பேரேட்டில் 10,000 பெயர்களை மேலிருந்து வரிசையாகத் தேடினால், 50 கோடி ஒப்பீடு வரை போகும். ஒரே பெயருக்குப் பத்துப் பத்தி விவரம் வேண்டுமென்று பத்து முறை தேடுவானேன்? பக்கத்துப் பத்தியில் மேட்ச் போட்டு இடத்தை ஒருமுறை கண்டுபிடியுங்கள். மற்றதை இன்டெக்ஸ் எடுத்துத் தரும்.

முடிந்துபோன மாதங்களில் பார்முலாவை நீக்கி, மதிப்பை மட்டும் ஒட்டிவையுங்கள். (மூல பைலுக்கு ஒரு நகல் இருக்கட்டும்.) முடித்த பேரேட்டை எந்தக் கணக்குப்பிள்ளை தினமும் கூட்டிப் பார்த்தார்?

தானியங்கிக் கணக்கை நிறுத்தி, எஃப்9 விசையால் கணக்கிடுவது சிலர் வழக்கம். வேகம்தான், ஆனால் விசையை மறந்தால் திரையில் நிற்பது பழைய தொகை. அதே அமர்வில் பிறகு திறக்கும் பைல்களும் கணக்கிடாமல் கிடக்கும். அப்படியொரு பழைய லாபத் தொகையை அச்சிட்டு மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு அடியேன் விழித்ததுண்டு.