சுரங்கக் கூரை ஏன் இடிந்து விழுந்தது? பெட்டிக்குள் இருக்கும் 'இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்' ஏன் முக்கியம்?

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. புதிய பெட்டி வந்து இறங்கும். பிரித்து, உள்ளே இருக்கும் பொருளை எடுப்பார்கள். கூடவே மடித்து வைத்திருக்கும் தாள், அட்டையோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். கேட்டால், "நாங்க பார்க்காத வேலையா சார்?" என்று பதில் வரும்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006-ல் நடந்த விபத்து அதைக் காட்டியது.

என்ன நடந்தது?

2006 ஜூலை 10, இரவு சுமார் 11 மணி. 'பிக் டிக்' என்ற பிரம்மாண்ட சாலைத் திட்டத்தில் கட்டப்பட்ட சுரங்கப்பாதை வழியாக ஒரு தம்பதி காரில் சென்றுகொண்டிருந்தனர். திடீரென மேலிருந்து சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகளும் இரும்புப் பாகங்களும் சரிந்தன. மனைவி உயிரிழந்தார். காரை ஓட்டிய கணவர் லேசான காயங்களுடன் தப்பினார்.

கூரையை எது தாங்கியது?

பசைதான்! சுரங்கத்தின் மேற்கூரையில் துளை போட்டு, 'எபாக்ஸி' எனும் பசையை நிரப்பி, அதில் ஸ்டீல் கம்பிகளைச் செருகியிருந்தார்கள். அந்தக் கம்பிகளில்தான் பலகைகள் தொங்கின. இந்த முறைக்கு 'கெமிக்கல் ஆங்கர்' என்று பெயர். இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் முறைதான்.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

பசையைத் தயாரித்த நிறுவனத்திடம் இரண்டு வகைகள் இருந்தன: சாதாரணமாக இறுகுவது, சீக்கிரம் இறுகுவது. சுரங்கத்தில் போடப்பட்டது இரண்டாவது வகை. சற்று நேரம் இழுத்துப் பார்க்கும் சோதனையில் அது பாஸ் ஆகிவிடும். ஆனால், ஆண்டுக்கணக்கில் எடை தொங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகி நீளும்.

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு, கட்டிய அன்று விறைப்பாக இருந்து, சில மாதங்களில் தொய்ந்துவிடும் அல்லவா? அதேபோலத்தான். இன்ஜினீயர்கள் இதை 'க்ரீப்' என்பார்கள்.

யார் மீது தவறு?

2007-ல் அறிக்கை வெளியிட்ட அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பல தரப்பையும் சுட்டிக்காட்டியது. சீக்கிரம் இறுகும் வகை நீண்ட காலச் சுமைக்கு ஏற்றதல்ல என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லவில்லை. வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் அந்தக் கேள்வியையே எழுப்பவில்லை. 1999-ல், கட்டுமானத்தின்போதே சில கம்பிகள் நழுவியது கண்ணில் பட்டது. மாற்றிப் போட்டார்களே தவிர, ஏன் நழுவுகிறது என்று கண்டுபிடிக்கவில்லை. திறந்த பிறகும் முறையான ஆய்வு நடக்கவில்லை.

இதன் பிறகு விதிகள் இறுகின. தலைக்கு மேல் தொடர்ந்து எடை தாங்கும் கெமிக்கல் ஆங்கர்களைச் சான்று பெற்ற பணியாளர்களே பொருத்த வேண்டும் என்று, அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் 2011-ம் ஆண்டு விதித்தொகுப்பு சொன்னது.

நம்ம வீட்டு வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய தூணில் புதிய கம்பி சேர்ப்பது, இரும்புப் படிக்கட்டைச் சுவரில் பிடிக்க வைப்பது, கனமான பொருளைச் சீலிங்கில் தொங்கவிடுவது என இங்கேயும் கெமிக்கல் ஆங்கர் புழக்கத்தில் இருக்கிறது. வேலை நடக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• துளை: தாளில் சொன்ன விட்டம், ஆழம் இரண்டும் இருக்க வேண்டும். 'கையில் இருக்கிற ட்ரில் பிட்' போதாது.

• தூசி: ஊதி, பிரஷ் போட்டு, மறுபடியும் ஊத வேண்டும். எத்தனை முறை என்பதும் தாளில் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் பசை கான்கிரீட்டில் ஒட்டாது, தூசியில்தான் ஒட்டும்.

• முதலில் வரும் பசை: இரண்டு பாகங்களும் கலந்து ஒரே நிறத்தில் வரும் வரை பிதுங்குவதைத் தூக்கிப் போட வேண்டும். காசு வீணாகிறதே என்று துளைக்குள் விட்டால், அந்த இடம் சரியாக இறுகாது.

• காத்திருப்பு: வெப்பநிலைக்கு ஏற்ப எவ்வளவு நேரம் என்று அட்டவணை இருக்கும். அதுவரை எடை ஏற்றக் கூடாது, அசைக்கவும் கூடாது.

• காலாவதி தேதி: மாத்திரைக்கு மட்டுமல்ல, பசைக்கும் உண்டு.

• எதற்குப் பயன்படும்? தலைக்கு மேல், வருடக்கணக்கில் எடை தொங்கப் போகிறது என்றால், இதே வகை தாங்குமா என்று பாருங்கள். தாளில் பதில் இல்லையா? நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பாஸ்டனில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தாங்கு திறன், இத்தனையும் நடந்தால் மட்டுமே கிடைக்கும். ஒரு படியைத் தாண்டினாலும் அந்த எண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. வேலை முடிந்த அன்று, சரியாகப் போட்டதும் தப்பாகப் போட்டதும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால், அடுத்த முறை பெட்டி பிரிக்கும்போது அந்தத் தாளை முதலில் நீங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் போட்டோ எடுத்து, மேஸ்திரியும் இன்ஜினீயரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.