நோயுற்ற தொட்டி மீனும் அதன் நீரும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது செல்வர் வீட்டு அலங்காரம் என்ற எண்ணம் நெடுங்காலம் நம்மிடையே நிலவி வந்தது. 1909ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டபோது, உயிருள்ள மீனைக் கண்ணாடியின் வழியே காண்பது பொதுமக்களுக்கு ஒரு புதுமையாக இருந்தது. இன்றோ சென்னைக் கொளத்தூர் வட்டாரத்தில் வண்ண மீன் வளர்ப்பு பல குடும்பங்களின் பிழைப்பாகிவிட்டது. திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரம் போன்ற பின்னலாடைத் தொழில் ஊர்களிலும், தொழிலாளர் குடியிருப்புகளிலும் கம்பெனி வரவேற்பறைகளிலும் மீன்தொட்டிகளைக் காணலாம். தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் வளர்த்து விற்று, துணை வருமானம் தேட முற்படுவோரும் உளர்.

இவ்வாறு தொடங்குவோரில் பலர் முதல் ஆண்டிலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். வாங்கிவிட்ட மீன்கள் ஒரு மாதத்துக்குள் சோர்ந்து, செதிள் மங்கி, ஒவ்வொன்றாய் மிதக்கின்றன. உடனே கடைக்கு ஓடி நீல மருந்தையோ மஞ்சள் மருந்தையோ வாங்கி ஊற்றுகின்றனர். எஞ்சிய மீன்களும் மடிகின்றன. இதில் மருந்தைக் குறை கூறிப் பயனில்லை. நோயுற்ற மீனுக்கு முதலில் வேண்டுவது மருந்து அன்று, நல்ல நீர் என்பதே நாம் இங்கு விளக்க முற்படும் செய்தி.

மாட்டுக்குச் சாணமும் சிறுநீரும் எப்படியோ அப்படியே மீனுக்கும் கழிவு உண்டு. மீன் தன் கழிவின் பெரும் பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் விடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றில் இது கரைந்து போய்விடும். தொட்டியில் போவதற்கு வழியில்லை. அங்கு மீனைக் காப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இவ்விரண்டும் வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விடுவது, சமையலறை கட்டுமுன்பே விருந்துக்கு ஊரை அழைப்பது போலாகும். முதலில் இரண்டு மூன்று மீன் விட்டு, சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவதும் பெருந்தவறு. குழாய் நீரிலுள்ள குளோரின் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை அலசிப் பிழிய வேண்டும்.

இனி நம் வட்டாரத்து நீரின் குணத்தைக் கவனிப்போம். கொங்குச் சீமையின் ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உடையது. லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருப்பது இங்குச் சாதாரணம். பி.எச். என்னும் கார அளவு 7 ஆக உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நஞ்சாக இருக்கும். அதே நீரின் அளவு 8 ஆனால் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். கோடை வெப்பம் அதனை மேலும் கூட்டும். ஆகவே மென்னீர் உள்ள ஊரில் பிழைத்துக்கொள்ளும் தொட்டி, அதே அழுக்குடன் அருள்புரத்தில் பிழைக்காது. இத்தகைய நீருக்கு மோலி, கப்பி, வாள்வால் மீன்கள் பொருந்தும். தங்கமீனும் ஓரளவு தாங்கும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களை அழகைக் கண்டு வாங்கி அல்லற்பட வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரைத் தனியே நிரப்புவதும் சரியன்று; ஆழ்குழாய் நீருடன் கலந்தால் பயன்படும்.

மற்றொன்றும் கூறவேண்டும். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைந்த அளவுக்கு ஆழ்குழாய் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு நீரை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே இதற்குப் பரிகாரம்.

மீன் நோயுற்றதைக் கண்டவுடன் தீனியை ஒரு நாள் நிறுத்துக. மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுக. காற்றுக் குழாயைக் கூடுதலாக ஓடவிடுக. மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுவிட்டால் அது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு அல்லது நைட்ரைட்டு நஞ்சின் அறிகுறி. துடுப்பு ஓரம் வெளுத்துக் கிழிந்தால் துடுப்பழுகல். அழுக்கு நீரில் பாக்டீரியாவால் வருவது. தொடக்கத்திலேயே கண்டால், நாள்தோறும் நீர் மாற்றுவதாலேயே பல வேளை குணமாகும். மனிதருக்குரிய மாத்திரையை உடைத்துத் தொட்டியில் தூவும் வழக்கம் மிகவும் கெடுதலானது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை அது வளர்க்கும். செதிள்கள் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் தேறுவது அரிது. அதனைப் பிரித்து வைத்தலே நலம்.

அடிக்கடி காணப்படுவது வெண்புள்ளி நோய். உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றும். மீன் கற்களில் உராயும். இதற்குக் காரணமான ஒட்டுண்ணி தோலுக்கடியில் வளர்ந்து, முற்றியபின் உதிர்ந்து தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மீண்டும் மீனைத் தேடும். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதனைத் தொடாது. நீந்தித் திரியும் அச்சிறு காலத்தில் மட்டுமே கொல்ல இயலும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவோர் ஏமாறுவது இதனால்தான். பத்துப் பதினான்கு நாட்களேனும் சிகிச்சை தொடர வேண்டும்.

சிகிச்சைக்கு நம் வீட்டுக் கல்லுப்பே போதுமானது. லிட்டருக்கு 2 கிராம் என்பது பொது அளவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் கல்லும் வெற்றிடமும் போக ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். அதற்கு 100 கிராம் உப்பு. இதனைத் தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். 10 லிட்டர் நீரை மாற்றினால் அதற்குரிய 20 கிராமை மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். செதிளில்லாத கெளுத்தி வகைகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் உப்பு ஆகாது. நைட்ரைட்டு நஞ்சு மீனின் இரத்தத்தில் ஏறுவதையும் இவ்வுப்பு தடுக்கும் என்பது கூடுதல் நன்மை.

இங்கு ஒன்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மீனைக் குணமாக்கும் இதே உப்புதான் நொய்யலைக் கெடுத்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு இட வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகுமே அன்றி உப்பு போகாது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று; கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவு ஒரு துளியும் வெளியே விடலாகாது என்று உயர்நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் செய்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், அருள்புரத்தில் உள்ளது உட்பட, உப்பையும் பிரித்தெடுக்கும் கட்டாயம் அதன் விளைவாக வந்ததே. ஓடையோரக் கிணற்று நீரை மீன் தொட்டிக்கோ பண்ணைக்குட்டைக்கோ எடுக்குமுன் சோதித்துக்கொள்வது இன்றும் அவசியம்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் இடுவது மக்கள் உடல்நலத்துக்கு இன்றியமையாதது, அதனைக் குறைக்கலாகாது. ஆயினும் பவுடரைக் கரைத்து அளவாக இடுவதும், இடும் நேரத்தை ஊரார் அறியச் செய்வதும் மீன் வளர்ப்போரைப் பெரிய நட்டத்திலிருந்து காக்கும். அவர்களும் குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வைத்தோ, ஹைப்போ இட்டோ பயன்படுத்த வேண்டும். சலவைப்பட்டறைகளில் குளோரினை முறிக்கப் பழகிய அதே ஹைப்போதான் இது. 100 லிட்டருக்கு 1 கிராம் போதும்.

பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்க்கும் விவசாயிகள் விடியற்காலையில் குட்டையைப் பார்ப்பது நன்று. நீரில் பிராணவாயு மிகக் குறைவது அப்பொழுதுதான். மலாக்கைட் பச்சை என்னும் மருந்தை உண்ணும் மீனுக்கு எக்காரணத்தாலும் இடலாகாது.

புதிதாய் வாங்கிய மீனை இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபின் தொட்டியில் விடுக. வேண்டாத மீனை, முக்கியமாகத் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீனை, ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிட வேண்டாம்; அது பெருகி நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். மாற்றி எடுத்த தொட்டி நீர் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். உப்பு இட்ட நாட்களின் நீரை மட்டும் செடிக்கு ஊற்றலாகாது.