ஒரு பெரிய கிரபிக்ஸ் கார்டா, இரண்டு சிறியவையா? முதல் போடுமுன் ஒரு கணக்கு

ஒரு காலத்தில் நமது கடைகளுக்குக் கம்பியூட்டர் வந்தது பில் அடிக்கவும் கணக்கு எழுதவும்தான். இன்று பலருக்கு அதுவே தொழிற்கருவி. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ, வீட்டு வரைபடத்தை முப்பரிமாணப் படமாக்கிக் கொடுக்கும் அலுவலகம், விளம்பர வேலை செய்யும் அச்சகம், பிள்ளைகள் விளையாட வரும் கேம் சென்டர் என்று எல்லாமே அதை நம்பித்தான் நடக்கின்றன. இந்த வேலைகளுக்கு வாங்கும் மெஷினில் பணத்தின் பெரும்பங்கு கிரபிக்ஸ் கார்டுக்கே போகிறது.

கம்பியூட்டர் வாங்கப்போகும் வியாபாரிகளுக்குக் கொட்டேஷன் பார்த்துச் சொல்வது எனது வேலைகளில் ஒன்று. அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நானா, ஒரே காசுக்கு ஒரு நல்ல கார்ட் வாங்குவதா, இரண்டு சின்னக் கார்ட் வாங்கிப் போடுவதா?" கேட்பவர்களில் பலர் கடன்பட்டும் வீட்டு நகையை அடகு வைத்தும் முதல் போடுகிறவர்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கடதாசியில் போட்ட கணக்கு

உதாரணத்துக்கு என்விடியா நிறுவனம் 2023இல் வெளியிட்ட இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 4060இன் அமெரிக்க அறிமுக விலை 299 டொலர். ஆர்டிஎக்ஸ் 4070இன் அறிமுக விலை 599 டொலர். அதாவது இரண்டு 4060 வாங்கினால் 598 டொலர். ஏறக்குறைய ஒரே காசு.

4060இல் கணிக்கும் கோர்கள் 3,072. இரண்டுக்கும் சேர்த்து 6,144. 4070இல் இருப்பதோ 5,888. நினைவகம் 4060இல் 8 ஜிபி, இரண்டுக்கும் கூட்டினால் 16 ஜிபி. 4070இல் 12 ஜிபிதான். இப்படிப் பார்த்தால் இரண்டு சிறிய கார்டுகளே இலாபம் என்று தோன்றும். சில விற்பனையாளர்கள் காட்டுவதும் இந்தக் கணக்கைத்தான். இதில் எண்கள் சரி. அவற்றைக் கூட்டலாமா என்பதுதான் கேள்வி.

வேலை பிரிபடுமா?

ஒரு தையல்கடையை நினைத்துப் பாருங்கள். நூறு சேர்ட்டுக்கு ஓடர் வந்தால் இரண்டு தையற்காரர்கள் ஆளுக்கு ஐம்பது தைத்து, பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் மாப்பிள்ளையின் ஒரே ஒரு கோட் என்றால் இரண்டு பேர் இருந்தும் நேரம் பாதியாகாது. ஒருவர் தைக்க மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்பியூட்டர் விளையாட்டு அந்தக் கோட் மாதிரி. இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் முயற்சி பழையது. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைத்தால், திரையின் ஒற்றை வரிகளை ஒன்றும் இரட்டை வரிகளை மற்றதும் வரையும். பின்னர் 2004இல் என்விடியா எஸ்எல்ஐ முறையையும், 2005இல் ஏடிஐ நிறுவனம் குரொஸ்ஃபயர் முறையையும் கொண்டுவந்தன. இவற்றில் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரு கார்டும் அடுத்த படத்தை மற்ற கார்டும் மாறிமாறி வரையும். படங்கள் சீரான இடைவெளியில் வராததால் எண்ணிக்கை கூடியும் திரை தடுக்கித் தடுக்கி ஓடுவதுண்டு. மேலும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக மென்பொருளை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது.

2021 ஜனவரி முதல் அப்படியான புதிய ஒழுங்குகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. 2022இல் வந்த அதன் உச்சக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090இல்கூட இரண்டை இணைக்கும் பூட்டு இல்லை. 4060இலும் இல்லை. ஆகவே கேம் சென்டர் நடத்துபவர் ஒரு மெஷினில் இரண்டு கார்ட் போட்டால் இன்றைய விளையாட்டுகளில் இரண்டாவது கார்ட் சும்மா இருக்கும். அந்தக் காசுக்கு இரண்டு மெஷின் போட்டு இரண்டு பிள்ளைகளை உட்காரவைப்பதே வியாபாரம்.

நினைவகம் கூடாது

பலர் ஏமாறும் இடம் இதுதான். 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து 16 ஜிபி ஆகும் என்று நினைக்கிறார்கள். முப்பரிமாணப் படம் செய்யும்போது, வீட்டின் சுவர், தளபாடம், மரம், துணி எல்லாம் அடங்கிய முழுக் காட்சியையும் ஒவ்வொரு கார்டும் தன் நினைவகத்தில் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு அறைகளில் இரண்டு சிறிய வெட்டு மேசைகள் இருந்தால் ஒரு பெரிய மேசை ஆகிவிடாது. பெரிய துணியை எந்த மேசையிலும் விரிக்க முடியாது.

வீட்டுப் படங்கள் செய்துகொடுக்கும் ஒரு தம்பி, இரண்டு 8 ஜிபி கார்டுகளுக்கான கொட்டேஷனோடு என்னிடம் வந்தார். உம்மாவின் நகைதான் முதல். "நீங்கள் செய்ததிலேயே பாரமான வேலையைக் கொண்டுவாருங்கள்" என்றேன். 12 ஜிபி கார்ட் உள்ள ஒரு மெஷினில் அதை ஓட்டிப் பார்த்தோம். நினைவகம் 9 ஜிபியைத் தாண்டியது. 8 ஜிபி கார்டில் இப்படிப்பட்ட வேலை ஒன்றில் இடமில்லை என்று நின்றுவிடும், அல்லது கம்பியூட்டரின் பொது நினைவகத்தைக் கடன் வாங்கி ஆமை வேகத்தில் நகரும். இரண்டு கார்ட் போட்டாலும் இந்நிலை மாறாது. அவர் ஒரே கார்டாக வாங்கினார்.

இரண்டு கார்ட் எங்கே உதவும்?

இரண்டு கார்ட் எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. பிளெண்டரின் சைக்கிள்ஸ், ஒக்டேன், வி-ரே போன்ற மென்பொருள்கள் இரண்டு கார்டுகளுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும். காட்சி சிறியதாக இருந்து 8 ஜிபிக்குள் அடங்கினால், நூற்றுக்கணக்கான படங்களைக் கிட்டத்தட்ட பாதி நேரத்தில் முடிக்கலாம். இது நூறு சேர்ட் ஓடர். நகை, சப்பாத்து போன்ற பொருட்களைச் சுழற்றிக் காட்டும் விளம்பரம் செய்பவர்களுக்கு இது பொருந்தும். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்த மெஷினில் ஓட்டுபவர்களும் சில மென்பொருள்களில் மாதிரியைத் துண்டாக்கி இரண்டு கார்டிலும் வைக்கலாம். அங்கே மட்டும் நினைவகத்தைக் கூட்டிப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மென்பொருளைப் பார்க்க வேண்டும். உதாரணமாக டாவின்சி ரிசொல்வின் இலவசப் பதிப்பு ஒரு கார்டை மட்டுமே பயன்படுத்தும். இரண்டையும் பயன்படுத்த, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். ஒரு கார்ட் பழுதானால் மற்றதைக் கொண்டு வேலையைத் தொடரலாம். கல்யாண சீசனில் இது சிறிய விடயமல்ல.

கொட்டேஷனில் வராத செலவு

இரண்டு கார்ட் போட அதற்கேற்ற மதர்போர்ட் வேண்டும். சாதாரண போர்டுகளில் இரண்டாவது இடம் இருந்தாலும் அதன் வேகம் பெரும்பாலும் குறைவு. கேசிங் பெரிதாக வேண்டும். கீழேயுள்ள கார்டின் சூடு மேலேயுள்ளதைத் தாக்கும். நமது வெக்கையில், ஏசி இல்லாத கடையில், இது முக்கியம்.

மின்சாரத்தில் 4060 ஒன்றுக்கு 115 வொட், இரண்டுக்கு 230. 4070க்கு 200. வித்தியாசம் 30 வொட். நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் 26 நாள் முழுச் சுமையில் ஓடினாலும் சுமார் 6 யுனிட்தான். பில்லில் இது பெரிய அடியல்ல. பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் கூடும் செலவே பெரிது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நமக்கு யூபிஎஸ்ஸின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

"இப்போது ஒன்று வாங்கி, பிறகு அதே மாதிரி இன்னொன்று சேர்ப்போம்" என்பவர்களும் உண்டு. இரண்டு வருடத்தில் அந்த மொடல் புதிதாகக் கிடைப்பது கடினம். பாவித்ததைத்தான் தேட வேண்டிவரும். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் கார்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டபின், இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆகவே பாவித்த கார்ட் வாங்கும்போது கவனம் தேவை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, உங்கள் மென்பொருள் இரண்டு கார்டுகளைப் பயன்படுத்துமா என்று அதன் பெயரையும் பதிப்பையும் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சு முடிந்தது, ஒரு கார்ட்தான்.

இரண்டாவது, உங்களது மிகப் பாரமான வேலையைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் டாஸ்க் மனேஜரில் கார்டின் நினைவகம் எவ்வளவு போகிறது என்று தெரியும். அந்த அளவு ஒரு சிறிய கார்டுக்குள் அடங்காவிட்டால், இரண்டு வாங்கியும் பயனில்லை.

மூன்றாவது, மதர்போர்ட், பவர் சப்ளை, கேசிங், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து இரண்டு கொட்டேஷன் எடுங்கள். கார்ட் விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம்.

2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் 8 ஜிபிதான், 5070இலும் 12 ஜிபிதான். மொடல் மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. பெயரை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். 4060டிஐ கார்ட் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வந்தது. ஆகவே மொடல், நினைவக அளவு, வரண்டிக் காலம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிய பின்னரே காசைக் கொடுங்கள்.