எலும்பில்லாத உயிருக்கும் ஓர் எலும்புக்கூடு

யானையின் பேருடலைத் தாங்கி நிற்பது அதன் உள்ளே உள்ள எலும்பு. எறும்பின் சிற்றுடலைக் காத்து நிற்பது அதன் வெளியே உள்ள ஓடு. ஆனால், ஒரே ஒரு கலத்தையே தன் முழுவுடலாகக் கொண்ட நுண்ணுயிருக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. அவ்வாறாயின் அது தாமரை இலைமேல் நீர்த்துளி போல உருண்டு திரண்டு கிடக்க வேண்டுமன்றோ? நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவோர் காண்பது வேறு. ஒன்று கூரிய முனையுடன் நீண்டு நெளிகிறது. ஒன்று நெடுக்காகப் பிளந்த பேரிக்காய் போன்று தட்டையான வயிற்றுடன் விளங்குகிறது. இன்னொன்று இளம்பிறை போல வளைந்திருக்கிறது. ஒவ்வோர் இனமும் தனக்குரிய வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. இவ்வடிவத்தைத் தாங்குவது எது?

கலத்தினுள் ஒரு கட்டிடம்

கலத்தின் உட்புறம் வெறும் கூழ் அன்று. அதனுள் புரதங்களால் ஆகிய குழாய்களும் இழைகளும் பின்னி நிற்கின்றன. இவ்வமைப்பைக் குழியவன்கூடு என்பர். இதன் தலையாய உறுப்புகள் நுண்புன்குழாய்கள். ரியூபியூலின் என்னும் புரதம், செங்கல்லோடு செங்கல் அடுக்கினாற் போன்று அடுக்கப்பட்டு இக்குழாய்கள் உண்டாகின்றன. ஒரு மில்லிமீற்றரை நாற்பதினாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு குழாயின் குறுக்களவாகும். இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பின்னரே இவற்றை மனிதன் தெளிவுறக் காண முடிந்தது.

மாரிகாலத்தில் வேலியோரங்களில் மலரும் கார்த்திகைச் செடியை நம்மில் அறியாதார் இலர். அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் அறிவோம். அந்நஞ்சின் சாரமாகிய கொல்சிசின் என்னும் பொருள் கலத்தினுள் சென்று எதனைப் பற்றுகிறது என்று ஆராய்ந்த அறிஞர்கள், 1960களில், ரியூபியூலினை இனங்கண்டனர். நஞ்சு ஒன்று வழிகாட்ட, உயிரின் தூண் ஒன்று புலப்பட்டது.

இக்குழாய்கள் நம் உடலின் கலங்களிலும் உண்டு. ஒட்டுண்ணியும் நாமும் ஒரே செங்கல்லால் வீடு கட்டியவர்கள் எனலாம். ஆனால் கட்டிய முறை வேறு. இடையிடையே சேர்த்த மரமும் சாந்தும் வேறு. இந்த வேறுபாட்டிலேதான் மருத்துவ உலகின் நம்பிக்கை தங்கியிருக்கிறது.

குடலைப் பற்றும் கிண்ணம்

ஒல்லாந்து நாட்டவரான லேவன்ஹூக், 1681 ஆம் ஆண்டில், தமக்கு வயிற்றோட்டம் கண்டபோது தமது மலத்தையே தாம் செய்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டு எழுதி வைத்தார். அவையே இன்று ஜியார்டியா எனப்படுகின்றன என்பது அறிஞர் கருத்து.

குடலின் சுவரில் உணவும் நீரும் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்தில் அடிபட்டுப் போகாமல் நிற்பதற்கு ஜியார்டியாவின் வயிற்றுப் புறத்தில் ஒரு வட்டக் கிண்ணம் அமைந்திருக்கிறது. அட்டை தோலைக் கவ்வுவது போல இது குடற்சுவரைக் கவ்வுகிறது. நுண்புன்குழாய்கள் சுருள் சுருளாக வளைந்து இக்கிண்ணத்தின் அடித்தளமாகின்றன. அவற்றின்மீது நாடா நாடாவாக எழுந்து நிற்பவை ஜியார்டின் என்னும் புரதங்கள். கிண்ணம் குலைந்தால் பிடி போயிற்று. பிடி போனால் ஒட்டுண்ணியும் போயிற்று.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் பூச்சி மருந்துகளுள் ஒன்றான அல்பென்டசோல், புழுக்களின் ரியூபியூலினைப் பற்றி, குழாய்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. ஜியார்டியாவின் ரியூபியூலினையும் அது அவ்வாறே பற்றுகிறது. நம்முடைய ரியூபியூலினையோ அத்துணை இறுக்கமாகப் பற்றுவதில்லை. ஆகவேதான் உண்டவர் பிழைக்கிறார், ஒட்டுண்ணி மடிகிறது. எனினும் வரும்முன் காப்பதே அறிவுடைமை. ஜியார்டியா நீர் வழியாகப் பரவுவது. கொதித்தாறிய நீர் அதற்குச் சிறந்த தடை.

பறி போன்ற உடல்

ஆபிரிக்காவில் உறக்க நோயை விளைவிக்கும் திரிப்பனோசோமா இன்னும் விந்தையானது. மீன் பிடிக்கும் பறியை நினைவிற் கொள்ளுங்கள். ஈர்க்குகள் ஒன்றின் அருகே ஒன்றாக வரிசையாய் நின்று, நுனியிற் கூம்பி முடிவதன்றோ பறி? இவ்வுயிரின் மேற்றோலுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்புன்குழாய்கள் அவ்வாறே நெருங்கி நின்று உடலுக்கு வடிவம் தருகின்றன.

இதன் உடல் நெடுக ஒரு கசை ஒட்டியிருக்கிறது. கசையின் நடுவே உள்ள குழாய்கள், நமது மூச்சுக்குழாயில் உள்ள நுண்பிசிர்களில் இருப்பவற்றை ஒத்தவை. ஆனால் அவற்றின் பக்கத்தே நம்மிடம் இல்லாத ஒரு புரதக் கோல் கூடவே ஓடுகிறது. இக்கோல் எதற்கு? 1998 இல் ஆராய்ச்சியாளர் இக்கோலின் புரதம் ஒன்று உண்டாகாதபடி தடுத்துப் பார்த்தனர். நீந்தித் திரிந்த உயிர்கள் முடமாகிக் குடுவையின் அடியில் படிந்துவிட்டன. குருதியில் வாழும் பருவத்தில் கசையின் இத்தகைய புரதங்களை நீக்கினால் கலம் இரண்டாகப் பிரிந்து பெருகவும் மாட்டாமல் மடிகிறது என்பது 2006 இல் காட்டப்பட்டது.

நீந்துவதால் அதற்கு வேறொரு பயனும் உண்டு. நமது உடல் பகைவனை அடையாளங் காட்டுவதற்காக எதிர்ப்புப் புரதங்களை அதன்மீது ஒட்டுகிறது. ஒட்டுண்ணி முன்னோக்கி நீந்தும்போது, அவை குருதியின் எதிர்விசையால் பின்னே தள்ளப்பட்டு, கசை தோன்றும் குழியை அடைந்து விழுங்கப்படுகின்றன. 2007 இல் வெளியான இவ்வாராய்ச்சி, ஓட்டமே அதற்குக் கவசமாகவும் உதவுகிறது என்பதை உணர்த்திற்று.

உறக்க நோய் நமக்குத் தூரத்துச் செய்தி. ஆனால் அதன் நெருங்கிய உறவான லீஷ்மேனியா நம் நாட்டிலேயே இருக்கிறது. இலங்கையில் தொற்றிய முதல் நோயாளி 1992 இல் அறியப்பட்டார். மணல் ஈயின் வயிற்றில் இவ்வுயிர் நீண்ட கசையுடன் நீந்துகிறது. மனிதனின் கலத்தினுள் புகுந்ததும் கசையைச் சுருக்கி முட்டை வடிவாகிறது. தோலில் வலியில்லாத கட்டியாகத் தொடங்கிப் புண்ணாகும் இந்நோய்க்கு, பல வாரங்கள் புண்ணிலேயே ஊசி மருந்து ஏற்ற வேண்டியுள்ளது. ஆறாத புண்ணை அற்பமென எண்ணாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

காலின்றி ஊரும் பிறை

1934–35 ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேரை இத்தீவில் பலிகொண்டது மலேரியா. நுளம்பு கடிக்கும்போது தோலினுள் இறங்கும் அதன் வித்துயிரிக்குக் கசையும் இல்லை, காலும் இல்லை. எனினும் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்கிரோன் வேகத்தில் வழுக்கிச் சென்று குருதிக்குழாயைத் தேடிக்கொள்கிறது. நமது தசைகளை இயக்கும் அக்ரின், மயோசின் என்னும் அதே புரத இனங்களே அதற்கும் எந்திரம்.

எந்திரம் இருந்தாற் போதுமா? அது ஊன்றி நிற்க உறுதியான தளம் வேண்டும். மேற்றோலுக்கு அடியில் தட்டையான பைகளும், அவற்றின் கீழே பாய் முடைந்தாற் போன்று அல்வியோலின் என்னும் புரத வலையும் உள்ளன. எலிகளுக்கு மலேரியா உண்டாக்கும் இனத்தில் இப்புரதங்களுள் ஒன்றை நீக்கியபோது, வித்துயிரிகள் வடிவங் கெட்டு, ஓட்டங் குன்றி, நோய் விளைக்கும் ஆற்றலையும் இழந்தன என 2004 இல் அறியப்பட்டது. ஒரு புரதம் போனதும் ஒரு நோயே செயலிழந்தது!

பகைவனின் தூண்

களைகொல்லிகளுள் ஒருவகை, செடிகளின் ரியூபியூலினைத் தாக்கும். விலங்குகளின் ரியூபியூலினைத் தாக்காது. அதே பொருள் லீஷ்மேனியா, திரிப்பனோசோமா முதலியவற்றின் ரியூபியூலினையும் பற்றுகிறது என்று கண்டபோது அறிஞர்கள் வியந்தனர். களைகொல்லி மருந்தாகிவிடாது; அதனை யாரும் உடலில் இட எண்ணலாகாது. ஆயினும், நம் வீட்டை இடியாமல் பகைவனின் வீட்டை மட்டும் இடிக்க வழியுண்டு என்பதற்கு அது ஒரு சான்று. அவ்வழியே புதிய மருந்துகள் தேடப்படுகின்றன.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. அவ்வெற்றி நுளம்பைக் கட்டுப்படுத்தியதாலும், நோயாளரைத் தேடிச்சென்று மருந்து கொடுத்ததாலும் கிடைத்தது. லீஷ்மேனியாவோ இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. பாடசாலையில் கலத்தின் படத்தை வரையும் மாணவர்கள், அதன் உள்ளே இழுக்கும் மெல்லிய கோடுகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் இழுத்துவிட்டுப் போகலாகாது. அக்கோடுகளில் ஒன்றை நன்கு அறிந்துகொள்ளும் ஒருவர், நாளை ஒரு பிள்ளையின் புண்ணை ஊசியின்றி ஆற்ற வழி காண்பவராகலாம்.