ஹைட்ரஜன் காரா, பேட்டரி காரா? புது வண்டி எடுப்போர் பார்க்க வேண்டிய கணக்கு

"தண்ணீரில் ஓடும் கார் வரப்போகிறதாம்!" டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் டீக்கடைகளிலும் அடிக்கடி அடிபடும் பேச்சு இது. பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுக்க நினைக்கும் மும்பைத் தமிழர்களை இந்தப் பேச்சு குழப்புகிறது. கடன் வாங்கிப் பேட்டரி கார் எடுப்பதா? அல்லது ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுப்பதா?

ஐந்து ஆண்டுத் தவணை என்பது விளையாட்டல்ல. மாதம் பிறந்தால் வங்கிக்குக் கட்ட வேண்டும். ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேறு காத்திருக்கும். எடுத்த வண்டி தவறான வண்டி என்றால் குடும்பமே தடுமாறிப் போகும். ஆகவே ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்பதே நல்லது.

இரண்டும் மின்சாரக் கார்களே

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஹைட்ரஜன் கார் தண்ணீரில் ஓடுவதல்ல. அது ஓடும்போது தண்ணீர் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் காரிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்சார மோட்டார்தான். பேட்டரி காரில் அந்த மின்சாரம் பேட்டரியில் சேமித்து வைக்கப்படுகிறது. ஹைட்ரஜன் காரிலோ அது ஓடும்போதே தயாராகிறது. தொட்டியில் அடைத்த ஹைட்ரஜன் வாயுவும், காற்றிலுள்ள பிராணவாயுவும் 'பியூயல் செல்' என்னும் மின்கலத்தில் சேர்கின்றன. மின்சாரம் பிறக்கிறது, தண்ணீர் மிஞ்சுகிறது. புகை கிடையாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1839-ம் ஆண்டிலேயே வில்லியம் குரோவ் என்பவர் இதன் மூலத் தத்துவத்தைச் செய்து காட்டிவிட்டார். சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது பியூயல் செல்தான். அதில் உண்டான தண்ணீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். 1966-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதைக் கொண்டு ஒரு வேனையே ஓட்டிப் பார்த்தது. இத்தனைக்குப் பிறகும் இது ஏன் வீதிக்கு வரவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மூன்று மடங்கு மின்சாரம்

ஹைட்ரஜன் வாயு பூமியைத் தோண்டினால் கிடைக்கிற நிலக்கரி போன்றதல்ல. அதைத் தயாரித்தாக வேண்டும். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அப்படி எடுக்கும்போது கரிவாயு வெளியேறுகிறது. மாசு இல்லாத வழி ஒன்று உண்டு. சூரிய ஒளியிலோ காற்றாலையிலோ கிடைக்கும் மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிரிக்க வேண்டும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனை இவ்வாறு பிரித்தெடுக்க 50 முதல் 55 யூனிட் வரை மின்சாரம் செலவாகிறது. பிறகு அதை அழுத்தி, குளிர வைத்துத் தொட்டியில் ஏற்ற மேலும் சில யூனிட் வேண்டும். ஆக, ஏறக்குறைய 60 யூனிட் செலவு. அந்த ஒரு கிலோவில் ஒரு நல்ல ஹைட்ரஜன் கார் சுமார் 100 கிலோ மீட்டர் ஓடும். அதே 60 யூனிட்டை நேராகப் பேட்டரியில் ஏற்றினால், அந்த அளவுள்ள கார் சுமார் 300 கிலோ மீட்டர் ஓடிவிடும்!

மின்சாரத்தை வாயுவாக்கி, அந்த வாயுவை மறுபடியும் மின்சாரமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதாரம். இது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல. பொறியியலில் எவ்வளவு முன்னேறினாலும் இந்தச் சேதாரத்தைக் குறைக்கலாமே தவிர, ஒழிக்க முடியாது.

கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு

ஹைட்ரஜன் மிக மிக லேசான வாயு. சாதாரண நிலையில் ஒரு கிலோ வாயு சுமார் 11 ஆயிரம் லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அதைக் கடுமையாக அழுத்தித்தான் தொட்டியில் அடைக்க வேண்டும். ஆட்டோவில் சி.என்.ஜி. வாயுவின் அழுத்தம் சுமார் 200 பார். ஹைட்ரஜன் காரிலோ 700 பார். அதைத் தாங்கும் தொட்டி, குழாய், வால்வு எல்லாமே விலை உயர்ந்தவை. லாரியில் ஏற்றி வந்தாலும் வண்டியின் எடைதான் அதிகமே தவிர வாயு கொஞ்சம்தான். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழி இதற்கு அப்படியே பொருந்தும்.

சி.என்.ஜி. வந்த புதிதில் பங்க்குகளில் இரவு பகலாக வரிசையில் நின்ற அனுபவம் டாக்ஸி, ஆட்டோ ஓட்டுவோருக்கு மறந்திருக்காது. குழாய் வழியாக வரும் வாயுவுக்கே அந்தப் பாடு என்றால், ஹைட்ரஜனுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு பாடம். ஹைட்ரஜன் கார்களை அரசாங்கமே ஊக்குவித்த இடம் அது. ஆனால் அங்கே ஒரு கிலோ வாயுவின் விலை 36 டாலர் வரை ஏறிவிட்டது. ஒரு முறை தொட்டியை நிரப்ப 200 டாலர்! 2024-ல் ஷெல் கம்பெனி அங்கே கார்களுக்கான தனது ஹைட்ரஜன் பங்க்குகளை மூடிவிட்டது. கார் வாங்கியவர்கள் வாயு கிடைக்குமிடம் தேடி அலைந்தார்கள். அதே 2024-ல் உலகம் முழுவதும் விற்ற மின்சாரக் கார்கள், பெட்ரோல் இஞ்சினும் சேர்ந்து உள்ளவை உட்பட, ஒரு கோடியே 70 லட்சத்துக்கு மேல். ஹைட்ரஜன் கார்களோ இருபதாயிரத்தைக்கூட எட்டவில்லை.

நம் நாட்டில்

2022 மார்ச் மாதம் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜன் காரில் பார்லிமெண்டுக்கு வந்து இறங்கியது பெரிய செய்தியாயிற்று. அது டொயோட்டா 'மிராய்' கார். ஐந்து நிமிடத்தில் வாயு நிரப்பினால் 600 கிலோ மீட்டருக்கு மேல் ஓடும் என்றார்கள். ஆனால் அது சோதனைக்காக வந்த வண்டி. கடை விற்பனைக்கு வந்ததல்ல.

2023 செப்டம்பரில் டெல்லியில் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் ஹைட்ரஜன் பஸ்களைச் சோதனை ஓட்டமாக விட்டது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு 19 ஆயிரத்து 744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கம் உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உருக்காலை ஆகியவையே. அங்கெல்லாம் ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது. அல்லது அதற்கு ஈடாக வேறொன்று கிடைப்பது அரிது.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் தயாரான ஹைட்ரஜன் ரெயில் பெட்டி 2025 ஜூலையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அரியானாவில் ஜிந்த் - சோனிபட் பாதை இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களின் கைவண்ணம் என்று பெருமைப்படலாம். ஆனால் ரெயிலிலும் கணக்கு ஒன்றே. ஜெர்மனியில் லோயர் சாக்ஸனி மாநிலம் 2022-ல் 14 ஹைட்ரஜன் ரெயில்களை ஓடவிட்டது. மறு ஆண்டே, மீதமுள்ள டீசல் ரெயில்களுக்குப் பதிலாகப் பேட்டரி ரெயில்களை வாங்குவதென்று அந்த மாநில ரெயில் அமைப்பு முடிவெடுத்தது. செலவு குறைவு என்பதே காரணம்.

பேட்டரியிலும் தொல்லை உண்டு

பேட்டரி கார் குறையே இல்லாதது என்று சொல்வதற்கில்லை. விலை அதிகம். பேட்டரிக்கு வயதாக ஆக அதன் சக்தி குறையும். மின்சாரம் ஏற்ற நேரம் பிடிக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் தயாராகிறது. நெடுந்தூரம் பாரம் இழுக்கும் லாரிக்குப் பேட்டரியின் எடையே ஒரு சுமை. அங்கே ஹைட்ரஜனுக்கு இடம் கிடைக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, வண்டியை நிறுத்த இடம் வேண்டும் என்பது. பங்களாவில் இருப்பவர் வாசலில் பிளக்கைச் செருகிவிட்டுத் தூங்கலாம். தாராவியிலும் சாலிலும் குடியிருப்பவர் ரோட்டோரத்தில் நிறுத்தும் வண்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? மாளிகைக்காரரின் கவலை கிலோ மீட்டர். ஏழையின் கவலை ஒரு பிளக்!

வாங்குமுன் கவனிக்க

ஆகவே பேட்டரி வண்டி எடுக்க நினைப்பவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரவில் வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைக்குமா? 24 யூனிட் பிடிக்கும் சிறிய கார் பேட்டரி நிறைய எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். வீட்டிலுள்ள மின் இணைப்பிலேயே வண்டிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று 2022-ல் மத்திய மின்துறை விதி வகுத்திருக்கிறது.

இரண்டு, தினசரி ஓட்டம் எவ்வளவு? கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் தூரம் டிராபிக்கிலும் ஏ.சி.யிலும் கிடைக்காது. அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

மூன்று, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோ மீட்டர் உத்தரவாதம்? வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் அது செல்லுமா? வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு, கடன் தவணை முடியுமுன் அந்த உத்தரவாதம் முடிந்துவிடக் கூடாது.

இந்த நான்கும் ஒத்துவந்தால் பேட்டரி வண்டியைத் துணிந்து எடுக்கலாம். ஒத்துவராவிட்டால் சி.என்.ஜி. வண்டியையே இன்னும் சில காலம் ஓட்டுவது மேல். எப்படியானாலும் ஹைட்ரஜன் காருக்காகப் பிழைப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மின்சாரம் என்ற வெண்ணெய் கையில் இருக்கும்போது, நெய்க்கு அலைவானேன்?